டிரசர் புத்தகமும் பெரிய ஆஸ்பத்திரிக் கோப்பும்

ஈப்போவில் இரண்டு மருத்துவமனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஏதாவதொரு தனியார் மருத்துவமனை. மற்றது ஜாலான் ராஜா அஷ்மான் ஷாவில் இருக்கும் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. ஊரார் வாயில் இன்றைக்கும் ‘பெரிய ஆஸ்பத்திரி’. இரண்டிலும் ஒரே நாளில் ஒரே தவறு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ஒருவருக்கு ஏற்ற வேண்டிய இரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றிவிடுகிறார்கள். தனியார் மருத்துவமனை இதைச் சுகாதாரத் தலைமை இயக்குநருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கென்று 1998-ல் நிறைவேறி, 2006-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் அப்படிச் சொல்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்தச் சட்டம் கிடையாது. அரசாங்க மருத்துவமனை எதையும் அது தொடுவதில்லை.

அதனால் அரசு மருத்துவமனையில் யாரும் எதையும் எழுதிவைப்பதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். மலேசிய நோயாளி பாதுகாப்பு மன்றம் 2003-லேயே அமைக்கப்பட்டது. 2013-ல் 13 பாதுகாப்பு இலக்குகள் அறிவிக்கப்பட்டு, 2021-ல் அவை ஏழாகச் சுருக்கப்பட்டன. தொற்றுத் தடுப்பு, அறுவைச் சிகிச்சை, மருந்து, இரத்தம் ஏற்றுதல், நோயாளியைச் சரியாக அடையாளம் காணுதல், கட்டிலிலிருந்து விழாமல் காத்தல் என்று போகும் அந்தப் பட்டியலின் ஏழாவது இலக்கு, தவறு நடந்தால் பதிவு செய்து அதிலிருந்து கற்றுக்கொள்வது. பெரிய தவறு என்றால் மருத்துவமனை ஒரு குழுவை உட்கார வைத்து மூலகாரண ஆய்வு செய்ய வேண்டும். தாளில் பார்த்தால் குறைசொல்ல அதிகமில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இதெல்லாம் சுற்றறிக்கை, வழிகாட்டி என்ற பேரில் நடப்பவை. பாதுகாப்பு மன்றத்தின் தலைவர் சுகாதாரத் தலைமை இயக்குநர். நாட்டின் அரசு மருத்துவமனைகள் இயங்குவதும் அவருடைய அதிகாரத்தின் கீழேதான். ஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் அதே மருத்துவமனையின் ஆட்கள், அல்லது அதே அமைச்சின் ஆட்கள். அவர்கள் எழுதும் அறிக்கை அமைச்சுக்குள்ளேயே மேலே போகிறது. இறந்தவரின் வீட்டாருக்கு அதில் ஒரு பிரதி கொடுத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அந்த வீட்டார் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி ஏறத்தாழ ஆயிரம் படுக்கை கொண்டது. சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார் போன்ற ஊர்களின் சிறிய மருத்துவமனைகளில் முடியாதென்று தெரிந்தால் ஆம்புலன்ஸ் இங்கேதான் திரும்பும். புந்தோங்கிலிருந்து வருகிறவர்கள், தோட்டம் மூடிய பிறகு சிம்மோர் பக்கம் மலிவு வீட்டுக்குக் குடிவந்தவர்கள், இன்னும் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் பழைய லயத்து வீட்டை விடாமல் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது ஒன்றுதான். மலேசியக் குடிமகனுக்கு வெளிநோயாளி சீட்டு ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. உலகத்தில் இந்த விலைக்கு இப்படிப்பட்ட மருத்துவம் கிடைக்கும் நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இதை மனப்பூர்வமாகவே சொல்கிறேன். ஆனால் வேறு இடத்துக்குப் போக வசதியில்லாதவர்கள் வருகிற இடம் என்பதால்தான் இங்கே கேள்வி கேட்கும் உரிமை பலமாக இருக்க வேண்டும். தனியார் மருத்துவமனைக்காரருக்கு வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற பயமாவது உண்டு.

துரை பார்க்கும் புத்தகம்

தன்னைத் தானே விசாரிக்கும் இந்த ஏற்பாடு புதிதல்ல. பேராக் தோட்டத் தமிழர்களுக்கு மருத்துவம் முதலில் டிரசர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர், வடிவில்தான் வந்தது. விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் வராவிட்டால் அவன் டிரசரிடம் போயிருக்க வேண்டும். டிரசர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார், வயிற்றை அழுத்துவார், காய்ச்சல் என்றால் கொயினா, மற்றதற்குப் பாட்டிலில் கலக்கிய மருந்து. படுக்கலாம் என்று அவர் சீட்டு எழுதினால் படுக்கலாம். இல்லாவிட்டால் ரப்பர் பால் வெட்டப் போக வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒருவன் செத்தால், எதனால் செத்தான் என்று புத்தகத்தில் எழுதுகிறவரும் அவர்தான். அந்தப் புத்தகத்தைப் பார்ப்பவர் தோட்ட நிர்வாகியான துரை. டிரசருக்குச் சம்பளம் கொடுப்பவரும் துரை.

டிரசர்களைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. பாதிப் பேர் இரவு பகல் பாராமல் பிரசவமும் பாம்புக்கடியும் பார்த்தவர்கள்; லயத்தில் அவர்கள் பேரைப் பிள்ளைகளுக்கு வைத்த குடும்பங்கள் உண்டு. 1965-ல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தபின் அவர்களுக்கென்று தகுதியும் பதிவேடும் ஏற்பட்டன. நான் சொல்வது ஏற்பாட்டைப் பற்றி. வைத்தியம் பார்க்கிறவர், சாவுக்குக் காரணம் எழுதுகிறவர், கணக்கு ஒப்படைக்கிறவர் மூவரும் ஒரே ஆளாக இருந்து, அவர் முதலாளியின் சம்பளத்தில் இருந்தால், புத்தகத்தில் ‘காய்ச்சல்’ என்றுதான் விழும். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கொசுவலை இல்லை என்று விழாது.

வெள்ளைக்காரனுக்கே இது தெரிந்திருந்தது. மலாய்க் கூட்டு நாடுகளின் தோட்டங்களில் சுகாதாரம் எப்படி இருக்கிறது என்று ஆராய ஓர் ஆணையம் அமைத்து, 1924-ல் அறிக்கை வாங்கினார்கள். தோட்டத்து மருத்துவத்தைத் தோட்ட நிர்வாகத்தின் கையில் முழுசாக விட்டுவைக்கக் கூடாது, பல தோட்டங்களைச் சேர்த்து ஒரு வாரியத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்ற யோசனை அதிலிருந்து பிறந்தது. 1926-ல் சுகாதார வாரியச் சட்டமும் வந்தது. தோட்ட முதலாளிகள் விடவில்லை. செலவு யார் தலையில் என்பதில் தொடங்கி, எங்கள் தோட்டத்துக்குள் வெளியாள் எதற்கு என்பதில் போய் நின்றது எதிர்ப்பு. ரப்பர் விலை சரிந்த 1930-களில் வாரியமும் கைவிடப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு ‘வெளியாள் எதற்கு’ என்று துரைமார் கேட்ட கேள்வியை இன்று கொஞ்சம் நாகரிகமான சொற்களில் வேறு இடங்களில் கேட்கிறோம்.

மற்ற வரலாறு வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலும், அதை எதிர்கொள்ள சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும், பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், செம்பனை போய் வீடமைப்பு வந்ததும் மறுபடி விவரிக்கத் தேவையில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிகள் மூடின, ஜனங்கள் அரசு மருத்துவமனைக்கு வந்தார்கள். கூடவே ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள்: வெள்ளைக் கோட்டுக்காரரிடம் எதிர்க்கேள்வி கேட்காமல் இருப்பது. ஈப்போ அரசு மருத்துவமனையில் நுரையீரல் மருத்துவராக இருந்து, பிறகு 2008 முதல் 2018 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மைக்கல் ஜெயகுமார் தேவராஜ் போன்ற சிலர், தோட்டத்து மக்களைக் கூட்டிவைத்து உரிமை பேசக் கற்றுக்கொடுத்தது நிலம், வீடு, சம்பளம் ஆகியவற்றில் பலன் தந்தது. வார்டுக்குள் அந்தத் தைரியம் இன்னும் முழுசாக நுழையவில்லை.

பதினாறாம் நாளுக்குப் பிறகு

வார்டில் ஒருவர் இறந்தால் நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். நள்ளிரவு தாண்டி மருத்துவர் வந்து சொல்கிறார். அழுகைக்கு நடுவில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். மலாயில் எழுதிய தாளில் காரணம் என்ற இடத்தில் நிமோனியா என்றோ இரத்தத்தில் கிருமி என்றோ இருக்கிறது. பிரேதப் பரிசோதனை வேண்டுமா என்ற பேச்சு எழுந்தால், பெரியவர் ஒருவர் குறுக்கே வந்து “உடம்ப அறுக்க விடாதீங்க” என்பார். மாலைக்குள் எடுக்க வேண்டும், வெளியூரிலிருந்து வர வேண்டியவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். தகனம் முடிகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்து பேசும்போதுதான், “அன்னிக்கு ராத்திரி ஏன் அந்த ஊசி போட்டாங்க?” “ரெண்டு மணி நேரமா கூப்பிட்டும் ஏன் யாரும் வரல?” என்று ஒவ்வொன்றாக வெளிவரும். அதற்குள் பதில் சொல்லக்கூடிய முக்கியமான சாட்சி சாம்பலாகியிருக்கும்.

பிறகு அலைச்சல். மருத்துவமனையின் புகார்ப் பிரிவில் எழுதிக்கொடுக்கலாம். பதில் கடிதம் வரும். மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் கட்டணம் கட்டி மெடிக்கல் ரிப்போர்ட் கேட்கலாம். வருவது மருத்துவர் எழுதும் சுருக்கம். வார்டில் மணிக்கு மணி எழுதிய குறிப்புகள் அல்ல. மருத்துவர்மீது மலேசிய மருத்துவ மன்றத்தில் புகார் செய்யலாம். அது ஒரு மருத்துவர் ஒழுங்காக நடந்தாரா என்று பார்க்குமே தவிர, அன்றிரவு நாற்பது படுக்கைக்கு எத்தனை தாதியர் இருந்தார்கள் என்று பார்க்காது. போலீசில் புகார் செய்து மரண விசாரணை நீதிமன்றத்தை நாடலாம். மருத்துவமனைச் சாவுகளில் அது எளிதில் நடப்பதில்லை. கடைசியில் வழக்கு. அரசாங்கத்தின் மீது என்றால் 1948-ஆம் ஆண்டின் அரசு அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதத்துக்குள் தொடுத்தாக வேண்டும். தனியார்மீது கவனக்குறைவு வழக்கென்றால் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம். பணமும் படிப்பும் குறைந்தவனுக்கு அவகாசமும் பாதி.

நீதிமன்றம் எவ்வளவு வேகம் என்பதற்கு ஒரு வழக்குப் போதும். சாலை விபத்தில் காயப்பட்டு 1982-ல் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, அங்கே சிகிச்சைக்குப் பிறகு முடங்கிப்போனவர் ஃபூ ஃபியோ நா. கூட்டரசு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது 2006 டிசம்பரில். சிகிச்சையின் ஆபத்தை நோயாளியிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்கள் மட்டும் தீர்மானித்துவிட முடியாது என்று மலேசியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. சட்டப் புத்தகத்துக்குப் பெரிய வரவு. 24 ஆண்டு காத்திருந்த ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு என்ன சொல்வது?

வழக்கின் இன்னொரு கோளாறு, அது பணத்தைப் பற்றி மட்டும் பேசும். அரசாங்கம் சமரசம் செய்து பணம் கொடுத்துவிட்டால் அந்த வார்டில் என்ன மாற்றினார்கள் என்று கேட்க யாருக்கும் வழியில்லை.

சாலையில் செத்தால் அறிக்கை உண்டு

பேராக்கில் நடந்ததைப் பாருங்கள். 2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் லாரி மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பது பேர் இறந்தார்கள். ஜூன் 9-ஆம் தேதி கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து, தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்து மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். போக்குவரத்து அமைச்சு சிறப்புப் பணிக்குழு அமைத்தது. கண்டறிந்தது என்ன என்று பொதுமக்கள் படிக்க வெளியிடவும் செய்தது. 2023 ஆகஸ்டில் எல்மினாவில் சிறிய விமானம் சாலையில் விழுந்து பத்துப் பேர் இறந்தபோது, விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு ஒரு மாதத்துக்குள் முதல்கட்ட அறிக்கையைப் பகிரங்கமாக வைத்தது. யாரைத் தண்டிப்பது என்பது அந்தப் பிரிவின் வேலையே இல்லை. ஏன் விழுந்தது, மறுபடி விழாமலிருக்க என்ன செய்வது, அவ்வளவுதான். ஆக, இது நம் அரசாங்கத்துக்குத் தெரியாத வித்தை அல்ல. சாலைக்கும் வானத்துக்கும் இருக்கிற ஏற்பாடு வார்டுக்கு இல்லை.

மருத்துவமனைக்கென்று ஒருமுறை சுயேச்சை விசாரணை நடந்தது. அது போன கதி வேதனையானது. 2016 அக்டோபர் 25, தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்து ஆறு நோயாளிகள் இறந்தார்கள். ஓய்வுபெற்ற மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி முகமட் ஹிஷாமுடின் யூனுஸ் தலைமையில் சுயேச்சைக் குழு அமைந்தது. 2018-ல் அறிக்கை தயாராகியும் வெளிவரவில்லை. ஆட்சிகள் மாறின. 2020-ல் கோட்புளூ என்ற மருத்துவச் செய்தித் தளம் அறிக்கையில் இருப்பதை எடுத்துப் போட்டது. மருத்துவமனைக்குத் தீயணைப்புச் சான்றிதழே இருக்கவில்லை என்பது வரைக்கும் வெளியே வந்தது. அடுத்து நடந்தது என்ன? அதன் ஆசிரியர் பூ சூ-லின்னைப் போலீசார் அழைத்து விசாரித்தார்கள்; எடுத்துக்கொண்ட சட்டங்களில் அதிகாரத்துவ இரகசியச் சட்டமும் ஒன்று. அறிக்கை இரகசியமா இல்லையா என்பதே சர்ச்சையாகிப் போயிற்று. ஆறு பேர் எரிந்து செத்ததைப் பற்றிய காகிதம் எந்த நாட்டு எதிரிக்கு உதவும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சுயேச்சையான ஆளை நியமித்தால் மட்டும் போதாது, அவர் எழுதியதை அச்சிடும் கடமையும் சட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சாட்சி தேடவேண்டியதில்லை.

தாதி கொண்டுவந்த தட்டு

இங்கிலாந்தில் 2005-ல் ஒரு சாவு. இலெய்ன் புரோமிலி, 37 வயது, இரண்டு குழந்தைகளின் தாய். சைனஸ் கோளாறுக்குச் சாதாரண அறுவை. மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுக்குழாய் அடைபட்டது. அனுபவமுள்ள மருத்துவர்கள் மூவர் திரும்பத் திரும்பத் தொண்டை வழியாகக் குழாய் செலுத்தப் பார்த்தார்கள். நிமிடங்கள் ஓடின. கழுத்தில் துளையிட்டு மூச்சு கொடுப்பதற்கான கருவித் தட்டை ஒரு தாதி கொண்டுவந்து வைத்து, தயாராக இருக்கிறது என்றும் சொன்னார். இன்னொரு தாதி தீவிரச் சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவைத்தார். மருத்துவர்கள் பார்த்த பார்வையில் அதிகம் பதறிவிட்டோமோ என்று நினைத்து ரத்து செய்தார். என்ன செய்ய வேண்டும் என்று தாதியருக்குத் தெரிந்திருந்தது. அதைப் பெரிய மருத்துவர்களிடம் எப்படி உரத்துச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. 13 நாள் கழித்து இலெய்ன் இறந்தார்.

கணவர் மார்ட்டின் புரோமிலி விமானி. விசாரணை எப்போது என்று கேட்டார். நீங்கள் வழக்குப் போட்டாலோ புகார் செய்தாலோ தவிர அப்படியொன்று கிடையாது என்று தெரியவந்தது. விமானத் துறைக்காரருக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. அவர் வலியுறுத்தியதால் வெளியிலிருந்து ஒரு மயக்கவியல் பேராசிரியர் வந்து ஆராய்ந்தார். மருத்துவர்களைத் தண்டிக்க வேண்டுமென்று கணவர் கேட்கவில்லை. அவர்கள் வேலைக்குத் திரும்பியதை வரவேற்றார். அந்த அறுவையறைக் கதை இன்று பல நாடுகளில் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் பாடம்.

அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக 2017 ஏப்ரலில் இங்கிலாந்தில் சுகாதாரப் பாதுகாப்புப் புலனாய்வுப் பிரிவு தொடங்கியது. அதன் முதல் தலைமைப் புலனாய்வாளர் கீத் கொன்ராடி, விமான விபத்துப் புலனாய்விலிருந்து வந்தவர். 2023 அக்டோபரில் அது சட்டபூர்வமான தனி அமைப்பானது. ஊழியர் புலனாய்வாளரிடம் சொன்னதை அவருக்கு எதிராகத் திருப்ப முடியாதபடி சட்டக் காப்பு உண்டு, கண்டறிந்தவை வெளியாகும். நார்வேயும் 2019-ல் இதே மாதிரி ஒன்றை ஏற்படுத்தியது. பொறாமைப்பட வேண்டாம்: 2025 ஜூலையில் வந்த ஓர் அரசாங்க மறுஆய்வு, இங்கிலாந்து அமைப்பைப் பராமரிப்புத் தர ஆணையத்துக்குள் சேர்த்துவிடச் சொன்னது. மருத்துவமனைகளுக்கு மதிப்பெண் போடுகிற அதிகாரி வீட்டுக்குள் போனபின் ஊழியர்கள் மனம்விட்டுப் பேசுவார்களா என்று அங்கேயும் கேட்கிறார்கள். சுயேச்சை என்பது ஒருமுறை வாங்கிவைத்தால் தங்கிவிடுகிற சரக்கல்ல.

நம்மிடமே ஒன்று இருக்கிறது

இதை எழுதும்போது எனக்கே வியப்பாக இருந்தது, நம் நாட்டில் இந்த வேலையின் ஒரு பாதி 1991 முதல் நடந்துவருகிறது என்பது. பிரசவத்தில் அல்லது அதையொட்டி ஒரு தாய் இறந்தால், அது எந்த மருத்துவமனையானாலும் வீடானாலும் தாய்மார் மரண இரகசிய விசாரணைக்கு வரும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாக மகப்பேற்று நிபுணர், மயக்கவியல் நிபுணர், பொது மருத்துவர், தாதியர் எல்லோரும் உட்கார்ந்து, பெயர்களை நீக்கிவிட்டு, என்ன தவறிற்று என்று பார்ப்பார்கள். யாரையும் தண்டிக்க அல்ல. அதிலிருந்து பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கைச் சமாளிக்கும் பயிற்சிக் கையேடுகள் வந்தன. அரசு கிளினிக்கில் கர்ப்பிணியின் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒட்டும் அடையாளத்தைப் பார்க்காத மலேசியத் தாய் கிடையாது; சிவப்பு ஒட்டினால் கிளினிக்கில் வைத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஆபத்தை முன்கூட்டிப் பிரித்துப் பார்க்கும் அந்த ஒழுங்கும், இறந்தவர்களைப் பற்றி ஒளிக்காமல் பேசிய அந்தக் கூட்டங்களும் சேர்ந்துதான் வேலை செய்தன. சுதந்திரம் பெற்ற காலத்தில் 1,00,000 பிறப்புக்கு ஏறத்தாழ 280 தாய்மார் இறந்த நாட்டில், கோவிட் போன்ற பேரிடர் இல்லாத ஆண்டுகளில் அது 30-க்குக் கீழே வந்திருக்கிறது. மருத்துவ வளர்ச்சி, சாலை, படிப்பு என்று பல காரணங்கள் உண்டு; விசாரணைக்கு அதில் பங்கில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தாய்மாருக்கு முடிந்தது மற்றவர்களுக்கு ஏன் முடியாது? அதில் இல்லாத பாதி வெளிப்படைத்தன்மைதான்: பேரிலேயே இருக்கிறது ‘இரகசியம்’. மனைவியை இழந்தவனுக்கு அந்தக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று தெரியாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 அரசு கிளினிக்குகளில் 1,753 நோயாளிப் பதிவுகளைப் பரிசோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 98 பதிவுகளில் எழுத்து புரியாதது உட்பட ஏதோவொரு பதிவுக் குறை. சிகிச்சை முறையில் தவறு பாதிக்கு மேற்பட்டவற்றில். கண்ட தவறுகளில் நூற்றுக்கு 93.5 தவிர்த்திருக்கக் கூடியவை. இதைப் படித்து மருத்துவர்கள் சோம்பேறிகள் என்று முடிவுகட்டுகிறவர் ஒருமுறை காலை எட்டு மணிக்கு அரசு கிளினிக்கில் போய் நிற்கட்டும். ஒரு மருத்துவருக்கு ஒரு நோயாளிக்கென்று கிடைக்கும் நிமிடங்களைக் கடிகாரம் வைத்துப் பார்க்கட்டும்.

அந்த மருத்துவர் ஒப்பந்த ஊழியராகவும் இருக்கலாம். 2016 டிசம்பரில் தொடங்கிய ஒப்பந்த முறையில் பல ஆயிரம் இளம் மருத்துவர்கள் நிரந்தரம் எப்போது என்று தெரியாமல் வேலை செய்தார்கள். 2021 ஜூலை 26-ல் பணியிடத்தை விட்டு வெளிநடப்பும் செய்தார்கள். அடுத்த ஒப்பந்தம் தன் துறைத் தலைவர் கையெழுத்தில் இருக்கிறது என்று நினைக்கிற ஓர் இளைஞர், அதே துறைத் தலைவரின் அறுவையில் நடந்த தவறைப் படிவத்தில் நிரப்புவாரா? டிரசருக்கும் அவருக்கும் படிப்பில் எவ்வளவோ தூரம். யாருக்குப் பயப்பட வேண்டும் என்பதில் அவ்வளவு தூரமில்லை.

தவறு வெளியே வந்துவிட்டால் நாம் செய்வது வேறு. ஆளைப் பிடித்துத் தொங்கவிடுகிறோம். 2022 நவம்பரில் சென்னையில் 17 வயது கால்பந்து வீராங்கனை முழங்கால் தசைநார் அறுவைக்குப் பின் காலை இழந்து உயிரும் இழந்தார். இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம். 2023-ல் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையில் காய்ச்சலுக்குச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமியின் கை ஊசிக்குழாய்ப் பிரச்சினையால் வெட்டப்பட்டது, தாதிமீது வழக்கு. கிள்ளான் மருத்துவமனையில் 2007-ல் ஒரு கைக்குழந்தைக்கும் இதேபோல் கை போயிற்று. மூன்று ஊர், மூன்று அரசாங்கம். கட்டு இறுக்கமாக இருந்ததையும், கை நிறம் மாறியதையும் அந்த வார்டுகளில் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை யார் பார்த்திருக்க வேண்டும், ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வி இடைநீக்கக் கடிதத்தில் எழுதப்படுவதில்லை. கிள்ளானில் நடந்தது என்ன என்ற முழு அறிக்கை அன்றே அச்சாகித் தமிழிலும் சிங்களத்திலும் எல்லாத் தாதியர் பள்ளியிலும் இருந்திருந்தால், 16 ஆண்டு கழித்து யாழ்ப்பாணத்தில் யாராவது ஒருவர் அந்தச் சிறுமியின் விரல்களைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் ஊகிக்க மட்டுமே முடிகிறது என்பதே புகார்.

ஆகவே கேட்க வேண்டியது ஓர் ஆணையம்: நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்தது, நாடாளுமன்றத்துக்குக் கணக்குச் சொல்வது, சுகாதார அமைச்சின் சம்பளப் பட்டியலில் இல்லாதது. எல்லாப் புகாரையும் அது எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். ஆண்டுக்கு இருபது முப்பது சம்பவங்களை ஆழமாகப் பார்த்தாலே பெரிய காரியம். அரசு, தனியார், பல்கலைக்கழக மருத்துவமனை மூன்றுக்கும் ஒரே சட்டம். ஊழியர் சொல்வதற்குக் காப்பு. வேண்டுமென்றே மறைத்தவருக்குக் காப்பு இல்லை. குடும்பத்தாரையும் சாட்சியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும், ஏனென்றால் இரவு முழுக்கக் கட்டிலருகே இருந்தது அவர்கள்தான். அறிக்கை குறித்த நாளுக்குள் வெளியாக வேண்டும். இரகசிய முத்திரை குத்தும் அதிகாரம் அமைச்சருக்கு இருக்கக் கூடாது. குடும்பத்துக்குக் கொடுக்கும் பிரதி அவர்கள் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். பணமில்லை என்பார்கள். நீதிமன்றம் விதித்து அரசாங்கம் கட்டும் இழப்பீடுகளில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும் என்பது என் கணக்கு. மறுப்பவர்கள் இழப்பீட்டுத் தொகையை ஆண்டுவாரியாக வெளியிட்டு மறுக்கட்டும்.

அது வரும்வரை, பெரிய ஆஸ்பத்திரியில் உங்கள் ஆள் படுத்திருந்தால் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு எந்த மருந்து, யார் வந்தார், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். மலாய் தெரிந்த பிள்ளை எழுதினால் நல்லது. சந்தேகம் இருந்தால் பிரேதப் பரிசோதனையைத் தகனத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள், பெரியவர்கள் கோபித்தாலும். மெடிக்கல் ரிப்போர்ட்டுக்கு எழுதும்போது வார்டுக் குறிப்புகளின் நகலும் வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். தவறு நடந்த தேதியிலிருந்து 36 மாதத்தை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ஈப்போவில் சட்ட உதவிப் பிரிவு இருக்கிறது. முதல் ஆண்டிலேயே போய்விடுவது உத்தமம்.